பாம்பு கடித்தால் மலையடிவார சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

நூறாண்டுக்கு முன், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் மருந்துப் பெட்டியோடு குடியாத்தம் சாலையில் போய், வழியோரம் காத்திருந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். வேலூர் வர முடியாதவர்களைத் தேடி வைத்தியம் போன காலம் அது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கே ஒன்று என்று பிற்பாடு அரசு வகுத்த கணக்கிலும் அந்த அக்கறைதான் இருக்கிறது. ஆனால் பாம்பு கடித்தால், பக்கத்து நிலையத்தைத் தாண்டி நேரே வேலூருக்கு ஓடுகிறோம். உயிர் போவது பல நேரம் அந்த வழியில்தான்.

விஷமுறிவு மருந்து ரத்தத்தில் உலவும் விஷத்தைத்தான் முறிக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையில் போய் ஒட்டிவிட்டால் அதைப் பிரித்தெடுக்காது. அதனால்தான் அவசரம். இந்தப் பாம்பு கடித்தால் வலிகூட இருக்காது. தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலி என்பார், இமை சரியும். அது வாயுக்கோளாறு என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்கவே கூடாது.

கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டுங்கள். கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றுங்கள். நடக்க விடாமல் டோலியிலாவது தூக்கி வாருங்கள். கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கயிற்றால் இறுக்கவும் வேண்டாம். ஏற்கெனவே இறுக்கியிருந்தால் மருத்துவர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும்.

நிலையத்தில் 2 மி.லி. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது. குழாய் புதிதாக, உலர்ந்து இருக்க வேண்டும். சோப்புத்தூளில் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல ரத்தமே உறையாது. தேவையில்லாதவருக்கு மருந்து ஏறிவிடும். விஷக்குறி தெரிந்தால் முதலில் 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூச்சு திணறினால் கையால் அழுத்தும் சுவாசப் பையோடு 108-இல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். முதல் தவணை ஏறியபின் போவதும் வெறுமனே போவதும் ஒன்றல்ல.

நிலையங்கள் இனி கட்டடத்தால் மட்டும் வளர்ந்தால் போதாது. அடுத்த கிராம சபையில் நான்கு கேள்வி கேளுங்கள்: குப்பி எத்தனை இருக்கிறது, காலாவதி எப்போது, சுவாசப் பை இருக்கிறதா, இரவில் ஊசி போடத் தெரிந்தவர் யார்.