இத்தாலியர் வளர்த்தார்கள், சரி. திராட்சை இத்தாலியது இல்லை

திருத்தித் தரச் சொல்லி இன்னொரு ஓட்டலின் ஒயின் பட்டியல் வந்திருக்கிறது. அர்ஜென்டினாப் பக்கத்தில் மறுபடியும் அதே வரி: "போனார்டா - இத்தாலியக் குடியேறிகள் கொண்டுவந்த திராட்சை." இந்த வரியை வெட்டி வெட்டி எனக்கு அலுத்துவிட்டது. பரிமாறுகிறவர்கள் மனப்பாடம் செய்து விருந்தினரிடம் ஒப்பிக்கிறார்கள், அவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

அர்ஜென்டினாவில் போனார்டா என்று விற்பது இத்தாலியின் பீட்மான்ட் போனார்டா இல்லை. பிரான்சின் சவோய் பகுதியைச் சேர்ந்த டூஸ் நுவார் அது. மரபணுச் சோதனையில் உறுதியான விஷயம். கலிபோர்னியாவில் சார்போனோ என்கிறார்களே, அதுவும் இதேதான். அர்ஜென்டினாவில் பேர்போன மால்பெக் என்ற சிவப்புத் திராட்சையும் பிரெஞ்சு ரகம். 1853-இல் அர்ஜென்டினாவின் ஒயின் பகுதியான மென்டோசாவில் வேளாண் பண்ணை தொடங்கிய மிஷேல் புஜே கொண்டுவந்த பிரெஞ்சுக் கொடிகளில் அதுவும் ஒன்று. ஒயின் செய்தவரின் குடும்பப் பெயர் இத்தாலியப் பெயராக இருந்தால் பழமும் இத்தாலியது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இத்தாலியரின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. 1885-இல் ரயில் மென்டோசாவுக்கு வந்ததும், சாப்பாட்டோடு ஒயின் குடித்துப் பழகிய குடியேறிகள் நிறைந்த பியூனஸ் ஐரிஸ் பெரிய சந்தையானது. அதற்கு ஒயின் செய்தவர்களில் இத்தாலியர் ஏராளம். இத்தாலியின் வெனெட்டோவிலிருந்து வந்த அந்தோனியோ தோம்பா, மார்க்கே பகுதிக்காரர்களான ஃபெலிப்பே ருத்தினி, நிக்கோலா கத்தேனா. கத்தேனா 1902-இல் நட்ட கொடியும் மால்பெக்தான்! ஆண்டிஸ் பனி உருகி வரும் வாய்க்கால் நீரில் வறண்ட நிலத்தைத் தோட்டமாக்கிய உழைப்பை எழுதுங்கள், நான் தொடவே மாட்டேன்.

பிரேசில் கதை வேறு. 1875 முதல் வெனெட்டோ, டிரென்டினோ குடும்பங்கள் தெற்கு பிரேசிலின் செர்ரா கவுச்சா மலைப்பகுதிக்கு வந்தன. அந்த ஈரத்தில் ஐரோப்பியக் கொடிகளைப் பூஞ்சை விடவில்லை. அதனால் அமெரிக்க இனமான இசபெல் திராட்சையைப் பந்தலில் ஏற்றினார்கள். இன்றும் அங்கே மலிவான ஒயினும் திராட்சைச் சாறும் அதிகம் அதிலிருந்துதான். 1913-இலேயே கரிபால்டி ஊரில் பெட்டர்லோங்கோ நுரை ஒயின் செய்துவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அருமையான செய்தி அது.

இனி வேலைக்கு. பிரேசில் லேபிளில் 'வின்யோ டி மேசா' (சாதாரண மேசை ஒயின்) என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் இசபெல் போன்ற ரகங்கள். 'ஃபினோ' என்றிருந்தால் ஐரோப்பிய ரகம். 'சுவாவே' என்றால் இனிப்பு ஒயின்; 'மென்மையானது' என்று எழுதிவைக்காதீர்கள். ரகத்தின் ஊர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், இறக்குமதியாளரைக் கேளுங்கள். பட்டியலை அச்சுக்குப் போகும் முன் அனுப்புங்கள், தயவுசெய்து. அச்சடித்த பிறகு அனுப்பினால் நான் என்ன செய்ய முடியும்?