முட்டை மிதந்தால் விதை தேறும்

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-ஐ டெல்டா எதிர்பார்த்திருக்கும் நாட்களில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. குறுவைக்கு விதைநெல் எடுக்கிற அந்த வாரம், உப்புத் தண்ணீரில் நல்ல விதைநெல்லைப் பிரித்தெடுத்துப் பார்க்க, திருவாரூர் பக்கம் ஒரு ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு வாளி, கல்லுப்பு, கொஞ்சம் நெல் கொண்டுபோனேன். முட்டை பிள்ளைகளின் பொறுப்பு.

“எங்க தாத்தா செய்வாரு சார்” என்றான் ஒருவன். முட்டை எதற்கு என்று கேட்டேன். சிரித்தான்.

10 லிட்டர் தண்ணீரில் விட்டதும் முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. உப்பைப் பிடிபிடியாகப் போட்டுக் கலக்கினோம். ஒரு கிலோவைத் தாண்டியபின் மெல்ல எழுந்து மேலே வந்தது. நாலணா (25 காசு) நாணயம் அளவுக்கு அதன் தலை வெளியே தெரிந்தால் கரைசல் பதம். (நாலணாவை இவர்கள் எங்கே பார்த்தார்கள்! 2011-லேயே செல்லாமல் போய்விட்டது.) ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு பிடிக்கும்.

கணக்கு எளிது. 50 மில்லி இடத்தை அடைக்கும் புது முட்டை சுமார் 54 கிராம் இருக்கும். அதே 50 மில்லி நல்ல தண்ணீர் 50 கிராம்தான், தாங்க முடியாது. உப்பு கரைந்து அந்த 50 மில்லியின் எடை 54-ஐத் தாண்டும்போது முட்டை மிதக்கிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் அவ்வளவுதான். இப்போது நெல்லைக் கொட்டினால், தன் அளவு உப்புத் தண்ணீரை விடக் கனமான மணி மட்டுமே மூழ்கும். பதரும், பாதி பால் பிடித்த கருக்காயும் மேலே வரும். ஆனால் கையால் நன்றாகக் கிளற வேண்டும். உமியில் ஒட்டிய காற்றுக் குமிழியால் நல்ல மணியும் மிதந்து ஏமாற்றும்.

இரண்டாவது வாளியில்தான் கூத்து. நாலு பிடி உப்பிலேயே அந்த வாளிக்காரப் பிள்ளைகளின் முட்டை மேலே வந்துவிட்டது. நெல்லைப் போட்டால் வெறும் பதர்தான் மிதந்தது, கருக்காய் எல்லாம் அடியில். உப்பில் கோளாறா, நெல்லிலா என்று ஒரே சண்டை. கடைசியில் ஒரு பெண் முட்டைகளை மாற்றி விட்டுப் பார்த்தாள். குற்றவாளி முட்டைதான், வீட்டில் பல நாள் கிடந்தது. ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, காற்றறை பெரிதாகி, எடை குறைந்திருக்கிறது. நான் விளக்கியிருந்தால் ஐந்து நிமிடம். ஆனால், அளக்கிற கருவியையே சந்தேகப்பட அவளுக்குத் தோன்றியிருக்காது.

மூழ்கிய நெல்லை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசினோம். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். நிலத்தில் உப்பு ஏறுவதைப் பார்த்து வளர்ந்த கடைமடைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் மூழ்கியதில் 100, மிதந்த கருக்காயில் 100 எண்ணி, அதையும் அலசி, ஊறவைத்து, ஈரச்சாக்கில் தனித்தனியாக மூட்டம் போட்டார்கள். பிரித்தபோது கருக்காயிலும் சில முளைத்திருந்தன. “அப்ப அதுவும் விதைதானே சார்?” விதைதான், உள்ளே கரு உயிரோடு இருக்கிறது. ஆனால் மூன்றாவது இலை விடும் வரை நாற்றுக்குப் பெரும்பாலும் மணியில் உள்ள மாவுதான் சோறு. கருக்காயில் அது அரை வயிற்றுக்குத்தான் இருக்கும்.

இரண்டையும் தொட்டியில் விதைத்து வைத்திருக்கிறார்கள். ஸ்கேல் வைத்து அளக்கும் முறை யாருக்கு என்பதில்தான் இப்போது தகராறு.