பழைய நாடா (ரேப்) எக்கோவைக் கணினியில் அமைப்போர் கவனிக்க வேண்டியவை

கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவுப் பக்கமிருந்தும் ஒலிப்பதிவுக்கு வருகின்ற பக்திப் பாடகரும் கூத்துக் குழுவினரும், பழைய பாடல்களில் கேட்கும் எக்கோ தங்கள் குரலுக்கும் வேண்டுமென்று கேட்பது இப்போது வழமையாகிவிட்டது. மென்பொருளில் முதலில் கண்ணில் படும் எக்கோவைப் போட்டு அளவைக் கூட்டிவிடுவது இலகுதான்; ஆனால் அப்படிச் செய்த பதிவு திருவிழா ஒலிபெருக்கியில் ஒலிக்கும்போது சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பாட்டு எந்தத் தெய்வத்தின்மேல் பாடப்பட்டது என்பதே விளங்காமற் போய்விடுகிறது.

1974இல் வெளிவந்த றோலண்ட் ஆர்இ-201 போன்ற நாடா எக்கோக் கருவிகளில், குரல் ஒரு ஹெட்டினால் (நாடாவில் ஒலியைப் பதியும் அல்லது வாசிக்கும் காந்த முனை) நாடாவில் பதியப்பட்டு, நாடா சற்றுத் தூரம் ஓடியபின் வேறொரு ஹெட்டினால் வாசிக்கப்படும். வாசித்ததில் ஒரு பங்கு பதிவு ஹெட்டுக்கே திரும்ப அனுப்பப்படும்; இதுவே மீள்சுற்று. ஹெட்டுகளுக்கிடையே 5 சென்ரிமீற்றர் இருந்து, நாடா செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர் ஓடினால், எக்கோ ஏறத்தாழ 263 மில்லிசெக்கன் பிந்தி வரும். இந்த நேரக்கணக்கை எந்த மென்பொருளும் செய்துவிடும். குரல் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நாடாவில் பதிவதால், கூர்மையான ஒலிகள் சுற்றுக்குச் சுற்று மங்கி, உச்சங்கள் மழுங்கி, இரைச்சல் சேர்ந்துகொண்டே போகும். பழைய எக்கோவின் குணம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

இலவசமாகக் கிடைக்கும் ஒலித்தொகுப்பு மென்பொருளான அடாசிட்டியில் உள்ள எக்கோ, அதே ஒலியைச் சத்தம் மட்டும் குறைத்துக் குறைத்துத் திருப்பித் தருகிறது. அதன்மேல் பிறகு வடிகட்டி போட்டால் எல்லாத் திருப்பங்களும் ஒரே அளவில்தான் மங்கும். ஆகவே வடிகட்டியும், உச்சங்களை மழுக்கும் சச்சுரேஷனும் மீள்சுற்றுக்குள்ளேயே அமைந்த ப்ளக்இன் (மென்பொருளுடன் இணைக்கும் துணைநிரல்) ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே இருக்கிறதா என்று அறிய, ஒரேயொரு உடுக்கடியை அதனூடாக அனுப்பி, பின்னால் வரும் ஒவ்வொரு அடியும் முன்னதைவிட மங்குகிறதா என்று கேட்டுப்பார்த்தாற் போதும். குரலுக்கு 120 ஹேர்ட்ஸுக்குக் கீழும் 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேலும் குறைத்து, மீள்சுற்றை 40 வீதத்துக்குள் வைப்பதே என் வழக்கம்.

நாடாவின் ஓட்டம் முற்றிலும் சீரானதல்ல. அதைக் கணினியில் போலச்செய்ய, 0.7 ஹேர்ட்ஸ் வேகத்தில் பிந்தும் நேரத்தை அரை மில்லிசெக்கன் முன்பின்னாக அசைத்தால் சுருதி ஏறத்தாழ 0.2 வீதம் ஏறி இறங்கும். அதற்கு மேற்போனால் சுருதிப்பெட்டியுடன் குரல் சண்டை பிடிக்கத் தொடங்கும். வீடுகளில் பாதுகாத்து வைத்திருந்த கசெற்றிலிருந்து எடுத்த குரலில் இந்த அசைவு ஏற்கெனவே இருக்கும் என்பதால், அங்கே மேலும் சேர்க்க வேண்டியதில்லை. அத்தகைய பதிவுகளில் எக்கோவைத் தனித் தடத்தில் மட்டுமே இட்டு, மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருங்கள். அந்தக் கசெற் இன்னொருமுறை ஓடும் என்று நிச்சயமில்லை.

மீள்சுற்றை 100 வீதத்துக்கு அருகே கொண்டுபோவது ஆபத்தானது. பழைய கருவியில் நாடா தான் தாங்கக்கூடிய அளவை எட்டியதும் ஒலியை அதற்கு மேல் ஏறவிடாது. கணினியிலோ, சுற்றுக்குள் தடை இல்லாவிட்டால், சத்தம் ஏறிக்கொண்டே போய் ஹெட்போன் போட்டிருப்பவரின் காதைப் பாதிக்கும். இறுதித் தடத்தில், சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் போட்டபின்பே இந்தக் குமிழைத் தொட வேண்டும்.

கோவலன் கூத்துப் போன்றவற்றில், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவதால், அந்த இடத்தில் எக்கோ புகுந்தால் இரண்டும் கெடும். அடியின் கடைசி நெடிலுக்கு மட்டும் அதனைத் திறந்து, பிற்பாட்டு எழுமுன் மூடிவிடுவதே பொருத்தம். இன்னொன்று: கோயில் வீதியில் குழல் ஒலிபெருக்கிகள் 100 மீற்றர் இடைவெளியில் கட்டப்பட்டிருந்தால், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், ஒன்றின் அருகே நிற்பவருக்கு மற்றதன் குரல் 290 மில்லிசெக்கன் அளவு பிந்தியே எட்டும். வெளியே போடுவதற்கு எக்கோ இல்லாத பிரதியொன்றை நான் தனியாகக் கொடுப்பது இதனாலேயே.