பக்கத்து வீட்டு மண்ணை இறைக்காதீர்கள்

இந்த ஆடியில் மட்டும் என்னைப் பார்க்கக் கூப்பிட்ட மூன்றாவது குழி இது. திருநெல்வேலியில் பாளையங்கால்வாய்க்குப் பக்கத்தில், வயலைப் பிளாட் போட்ட இடம். கீழே பார்க்கிங், மேலே கடைகள் என்று பிளான். 12 அடி இறங்கியதும் குழியின் அடியில் ஊற்று கொப்பளித்திருக்கிறது. தண்ணீரில் டீசல் வாடை வேறு. மேட்டுப் பக்கம் பல வருஷம் லாரிப் பட்டறை இருந்ததாம். என்னைக் கூப்பிட்டபோது மூன்று மோட்டார்கள் ஐந்து நாளாக ராப்பகலாய் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் விரல் நுழைகிற விரிசல்.

“நீங்க என்னத்துக்கு சார் பயப்படுதிய? இன்னொரு மோட்டார் போட்டா சோலி முடிஞ்சிரும்” என்றார் இடத்துக்கார அண்ணாச்சி. அப்புறம் போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினார். ஏதோ வெளிநாட்டில் மண்ணை ஐஸாக்கிச் சுரங்கம் தோண்டுகிறார்கள். “இல்லன்னா இப்படிச் செஞ்சிருவோமா? தூத்துக்குடில ஐஸ் கம்பெனிக்காரரு நமக்கு வேண்டியவருதான்.”

சிரிப்பு வந்தாலும், அண்ணாச்சி பிடித்த பிடி சரிதான். ஐஸ் கம்பெனியில் அமோனியா கம்ப்ரஸர் உப்புத் தண்ணீரைக் குளிர்விக்கிறது. அதில் முக்கி வைத்த டப்பாக்களில் ஐஸ் பிடிக்கிறது. மண்ணில் டப்பாவுக்குப் பதில் குழாய், அவ்வளவுதான் வித்தியாசம். தோண்டப்போகும் இடத்தைச் சுற்றி மீட்டருக்கு ஒன்று வீதம் குழாய் இறக்கி, மைனஸ் 25, 30 டிகிரியில் கால்சியம் குளோரைடு கரைசலைச் சுற்றவிடுவார்கள். குழாயைச் சுற்றி மண் உறைந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து சுவராகும். ஜெர்மனியில் போட்ஷ் என்பவர் 1883-லேயே காப்புரிமை வாங்கிய முறை இது. சுவர் மூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரமென்றால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை விட்டு ஒரு சில நாளில் முடிப்பார்கள். அந்தச் செலவுக்கு அண்ணாச்சி இன்னொரு காம்ப்ளெக்ஸே கட்டிவிடலாம்.

கெட்டுப்போன மண்ணில் இந்த முறையைத் தேடுவதற்கு முக்கியக் காரணம், அழுக்குத் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டாம், அது இருந்த இடத்திலேயே நிற்கும் என்பதுதான். புகுஷிமா அணு உலைகளைச் சுற்றி இப்படித்தான் சுமார் 1.5 கிலோமீட்டர் நீளத்துக்கு, 30 மீட்டர் ஆழத்துக்கு உறைசுவர் போட்டார்கள். 2016 மார்ச்சில் உறைய வைக்கத் தொடங்கினார்கள். அவ்வளவு செய்தும் வெளியிலிருந்து நிலத்தடி நீர் உள்ளே கசிவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. சுற்றிக் கிணறு போட்டு இறைப்பதும் கூடவே நடக்கிறது.

உறைய வைத்தால் மண் சுத்தமாகிவிடும் என்று வேறு சிலர் நம்புகிறார்கள். மீன்காரர் வாங்கும் ஐஸ் பாரை உடைத்துப் பாருங்கள். ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடு வெள்ளையாகக் கலங்கியிருக்கும். உறைகிற தண்ணீர் தன்னிடமுள்ள உப்பையும் அழுக்கையும் முன்னால் தள்ளிக்கொண்டே போய் நடுவில் சேர்த்துவிடுகிறது. மண்ணுக்குள்ளும் அதுவே நடக்கும். உப்பு, டீசல் சேர்ந்த இடம் உறையாமல் சுவரில் ஓட்டையாக நிற்கும். போதாக்குறைக்கு நம் ஊரில் நிலத்தடி நீரே 28, 30 டிகிரி சூட்டில் இருக்கிறது. ஆற்று மணலில் தண்ணீர் நாளைக்கு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் நகர்ந்தால் சுவர் மூடவே மூடாது.

சரி, ஐஸை விடுவோம். எனக்கு ஆத்திரம் வருவது மோட்டார் விஷயத்தில்தான்.

குழியில் நிற்பது தொட்டித் தண்ணீர் இல்லை. தொட்டியை இறைத்தால் தீரும். குழியை இறைத்தால் சுற்றியிருக்கிற நிலமெல்லாம் அதற்குள் வடியும். நீங்கள் இறைக்க இறைக்க நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வேகமாக வரும், வரும்போது பொடி மணலையும் அள்ளிக்கொண்டு வரும். அந்த மணல் எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து. அன்று ஓஸ் வழியாக வந்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தேன். அடியில் இரண்டு விரல்கடை மணல். “இது நம்ம குழி மண்ணுதான சார்” என்றார் கொத்தனார். குழியோ ஐந்து நாளாக ஒரே ஆழத்தில் நிற்கிறது. ஐந்து நாள் மண் யாருடையது?

டீசலும் அப்படித்தான். பட்டறைக்கும் குழிக்கும் நடுவில் இருக்கிறது, சுவர் விரிசல் விட்ட அந்தப் பக்கத்து வீடு, ஒரு அம்மாவுடையது. தன் போக்கில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்த அழுக்கை மோட்டார் வைத்து அவர் கிணற்று வழியாக இழுத்தாயிற்று. இப்போது வாளித் தண்ணீரில் வானவில் மிதக்கிறது. இறைத்த தண்ணீர் போன இடம் வாறுகால், அங்கிருந்து வயல்.

மண் பரிசோதனை செய்யாமலும் இல்லை. அறிக்கையில் “15 அடி வரை நீர் இல்லை” என்றே இருக்கிறது. தேதியைப் பார்த்தேன், சித்திரை. கால்வாய் காய்ந்து கிடந்த மாதம். கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டதும் அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் ஏறும் என்பது மாடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும்.

கால்வாய், குளம் பக்கத்து இடமென்றால் பரிசோதனைத் துளையில் ஒரு குழாயை விட்டு வையுங்கள். நூலில் குண்டு கட்டி மாதம் ஒரு தடவை நீர்மட்டம் அளந்து எழுதுங்கள், ஐப்பசி கார்த்திகையையும் சேர்த்து. தண்ணீரில் வாடை இருந்தால் முதலில் லேப், அப்புறம் ஜேசிபி. தோண்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு விரிசல்களைத் தேதி போட்டுப் படம் எடுங்கள், அவர்களையும் கூட வைத்துக்கொண்டு. செப்டிக் டேங்க் பக்கத்தில் இருந்தால் ஆளைக் குழிக்குள் இறக்கவே இறக்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் விஷவாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு மரத்திருக்கலாம்.

அடியில் மணல் கொப்பளிக்கத் தொடங்கிவிட்டதா? மோட்டாரை நிறுத்துங்கள். குழியில் தண்ணீர் ஏறட்டும், அந்தப் பாரம்தான் அடியை அழுத்திப் பிடிக்கும். இதைச் சொன்னால் யாருக்கும் மனசு வருவதில்லை, கரண்டுக்குக் கொடுத்த காசு கண்ணில் தெரிகிறது.

உண்மையில் இந்த இடத்துக்குக் குழியே வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் முங்கிக் கிடந்ததைப் பார்த்த பிறகும் தரைக்குக் கீழே கார் நிறுத்த ஆசைப்படுகிறவர்களிடம் என்ன பேசுவது? தூண் எழுப்பி, தரைமட்டத்தில் பார்க்கிங் வையுங்கள் அண்ணாச்சி என்று கெஞ்சிவிட்டுத்தான் வந்தேன். யோசிக்கிறேன் என்றார். மோட்டாரை நிறுத்துவதாகவும் சொன்னார்.

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு அந்த அம்மா போன் செய்தார். ஒன்றும் பேசவில்லை, போனை ஜன்னல் பக்கம் பிடித்தார். மோட்டார் சத்தம்.