டேங்க் வாங்கப் போறீங்களா, பெயின்ட்டை விடுங்க, அடியைத் திருப்பிப் பாருங்க

ஆர்எக்ஸ்இசட்டோ, பழைய ஹோண்டா சிபியோ, புல்லட்டோ, பிஎஸ்ஏவோ, முப்பது நாப்பது வருசம், அதுக்கும் மேல ஆன மோட்டார்சைக்கிள்ல பல நேரம் எஞ்சினுக்கு முன்னாடியே பெட்ரோல் டேங்க்தான் கைவிடும். எஞ்சின்னா சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணலாம், பிஸ்டன் ரிங் மாத்தலாம், இங்க சிங்கப்பூர்ல காக்கி புக்கிட் மெக்கானிக் கடைங்க பக்கம் போனா செஞ்சு குடுக்க யாராவது ஒரு அங்கிள் இருப்பாரு. ஒரிஜினல் டேங்க் அப்படி இல்ல, கம்பெனி நிறுத்தி எத்தனையோ வருசம் ஆச்சு, நல்லதா ஒண்ணு வந்தா சொல்ற விலைக்குப் பாதி வண்டி வாங்கிடலாம். அதனால எல்லாரும் விலை கம்மியான டேங்க்தான் தேடறோம், தப்பே இல்ல, ஆனா தேடறப்போ எதைப் பாக்கணும்னு தெரியணும்னா டேங்க் எப்படிச் சாகுதுன்னு முதல்ல தெரியணும்.

டேங்க் உள்ள இருந்துதான் சாகும். பெட்ரோலோட அடர்த்தி லிட்டருக்கு சுமார் 0.72ல இருந்து 0.77 கிலோ, தண்ணி ஒரு கிலோ, ரெண்டும் கலக்காது, அதனால உள்ள போற ஒவ்வொரு சொட்டுத் தண்ணியும் நேரா அடிக்குப் போய் உக்காந்துக்கும். சரி, கார்பரேட்டருக்குப் பெட்ரோல் விடற டேப்பைத் திறந்தா போயிடுமேன்னு நினைப்பீங்க, போகாது. டேப்போட குழாய் டேங்க்கோட தரையில இருந்து கொஞ்சம் மேல தூக்கி நிக்கும், ரிசர்வ் வாயும் தரைக்கு மேலதான் இருக்கும், அதுக்குக் கீழ இருக்கறது வருசக்கணக்கா அங்கேயே கிடக்கும். அதோட மோட்டார்சைக்கிள் டேங்க் ஃபிரேம் மேல குதிரைச் சேணம் மாதிரி ரெண்டு பக்கமும் தொங்கற சாமான், பல வண்டியில டேப் ஒரு பக்கம் மட்டும்தான், அப்ப டேப் இல்லாத பக்கத்துத் தொங்கல்ல சேர்ந்த தண்ணிக்கு வெளிய வர வழியே கிடையாது. மேல பெட்ரோல் மூடியிருக்கே, காத்து படாதே, எப்படித் துரு பிடிக்கும்னு கேட்டா, பெட்ரோல்ல ஆக்ஸிஜன் தண்ணியை விடவே அதிகமா கரையும், அதுல இருந்து தண்ணிக்கு இறங்கி வந்துகிட்டே இருக்கும். பழைய டேங்க்ல ஊசி ஓட்டை விழற இடம் பெரும்பாலும் அந்தக் கீழ் மூலைதான்.

இந்தத் தண்ணி எங்கிருந்து வருது? நம்ம ஊர் ஈரக்காத்துனாலன்னு எல்லாரும் சொல்வாங்க, கணக்குப் போட்டுப் பாத்தா அது பாதி உண்மைதான். காலியா கிடக்கற 10 லிட்டர் டேங்க் ராத்திரி 25 டிகிரி, மத்தியானம் வெயில்ல 45 டிகிரின்னு வைங்க, உள்ள இருக்கற காத்து ஏழு சதவீதம் கிட்ட விரிஞ்சு வெளிய போகும், ராத்திரி குளிர்ந்ததும் அதே அளவு, சுமார் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி, உள்ள இழுக்கும். நம்ம ராத்திரிக் காத்துல ஒரு கன மீட்டருக்கு 22 கிராம் போல தண்ணி இருக்கும், அப்படின்னா ஒரு நாளைக்கு டேங்க் குடிக்கறது 15 மில்லிகிராம், ஒரு சொட்டுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல, அதுவும் மொத்தமா படியாது. பெட்ரோல் இருந்தா அதோட வேப்பரும் விரிஞ்சு சுருங்கும், இழுப்பு கூடும், ஆனாலும் இதே கணக்குல வருசம் முழுக்க மூச்சு விட்டாலும் ஒரு டீஸ்பூன்தான் சேரும். அந்த ஒரு டீஸ்பூனை ஒரே மழையில உள்ள விட, மூடியோட ரப்பர் வாஷர் வெடிச்சிருந்தா போதும். புளோக் கீழ திறந்த கார்பார்க்ல நிக்கற வண்டி, வருசத்துக்கு 2,100 மில்லிமீட்டர் மழை கொட்டற ஊர், யோசிச்சுக்கோங்க. என்னைக் கேட்டா முதல்ல மாத்த வேண்டியது மூடி வாஷரை, அதை விட்டுட்டு டேங்க் மாத்தினா புது டேங்க்கும் அதே வழிதான் போகும்.

ஈரக்காத்து வேற விதத்துல வேலையைக் காட்டும். காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினா இரும்பு துருப்பிடிக்கற வேகம் திடீர்னு ஏறும். சிங்கப்பூர்ல விடியக்காலை 90க்கு மேல, மழை இல்லாத மத்தியானம் 60 கிட்ட, அவ்வளவுதான் இறக்கமே, அப்ப பூச்சு இல்லாத வெறும் இரும்புக்கு இங்க நிம்மதியான நேரம்னு ஒண்ணு கிடையாது. ஆன்லைன்ல விலை கம்மியா விக்கற டேங்க்ல நிறைய வெறும் இரும்பா, மேல எண்ணெய் தடவி வர்றதுதான், அதனால இதை மனசுல வச்சுக்கணும்.

பழைய கம்பெனி டேங்க் ஏன் இவ்வளவு நாள் தாங்குச்சுன்னா உள்பூச்சு. ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசின தகட்டுல செஞ்சது நிறைய உண்டு, துத்தநாகம் பூசினதும் உண்டு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எது முன்னாடி அரிக்கும்னு காட்டற மின்முனை அழுத்தக் கணக்குல துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்பு மைனஸ் 0.44, அதனால கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முன்னாடி போய் தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். ஈயம், வெள்ளீயம் ரெண்டும் மைனஸ் 0.13, 0.14 அளவுதான், இங்க நிலைமை தலைகீழ், பூச்சு முழுசா இருக்கற வரைக்கும் அருமை, ஒரு இடத்துல கீறிட்டா அந்த இடத்து இரும்பு இன்னும் வேகமா அரிக்கும். உள்ள கல்லு, செயின், நட்டு போல்ட்டெல்லாம் போட்டுக் குலுக்கி சுத்தம் பண்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும், துருவோட சேர்ந்து மிச்சம் இருக்கற பூச்சும் போயிடும்.

சரி, வாங்கற விஷயத்துக்கு வருவோம். கம்பெனியில மெல்லிசான தகட்டைப் பெரிய பிரஸ்ல வச்சு ஒரே அழுத்துல ரெண்டு பாதியா இழுப்பாங்க, அப்புறம் ஓரத்தை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ரெண்டு செம்புச் சக்கரத்துக்கு நடுவுல ஓட்டுவாங்க, சக்கரம் வழியா கரண்ட் விட்டு விட்டுப் பாயும், உருகின புள்ளி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி காத்து கூடப் போகாத ஜாயின்ட் ஆயிடும். தகட்டை அழுத்தற அந்த அச்சுக்கு, அதாவது டைக்கு, ஆகற செலவை ஆயிரக்கணக்கான டேங்க் வித்தாதான் எடுக்க முடியும். இப்ப இந்தியாவுல இருந்து பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரையம்ப்னு வர்ற விலை கம்மியான டேங்க்ல நிறைய கைவேலை, அச்சு மேல தட்டியோ சின்னப் பிரஸ்ல துண்டு துண்டா அழுத்தியோ, வெல்டிங்ல சேர்த்து, தேய்ச்சு எடுப்பாங்க. டைச் செலவு இல்ல, அதான் விலை இறங்குது. வேலை தெரிஞ்சவங்க செஞ்சது நல்லாவே இருக்கும், ஆனா ஒரே ஆளு செஞ்ச ரெண்டு டேங்க் கூட ஒரே அளவா இருக்கணும்னு இல்ல. வெல்டிங் ஆறும்போது சுருங்கி தகட்டை இழுக்கும், அந்த இழுப்பு ஃபிரேம் உக்கார்ற பள்ளத்துலதான் முதல்ல தெரியும், மேல படத்துல அழகா இருக்கும், வண்டியில வச்சா போல்ட் ஓட்டை நாலு மில்லிமீட்டர் தள்ளி நிக்கும். அதனால விக்கறவங்க கிட்ட அடிப்பக்கம் படம் கேளுங்க, பள்ளத்தோட அகலம், முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடைவெளி, ரெண்டையும் அளவு நாடா வச்சு அளந்து படம் எடுக்கச் சொல்லுங்க. முடியாதுன்னா அடுத்த கடையப் பாருங்க.

பெட்ரோல் டேப் இன்னொரு தலைவலி. பிரிட்டிஷ் வண்டி, பழைய புல்லட்டுல நிறைய கால் இன்ச் பைப் திரெட், பேருதான் கால் இன்ச், வெளி விட்டம் 13 மில்லிமீட்டருக்கு மேல, ஏன்னா அந்தக் கால் இன்ச்ங்கறது குழாயோட உள் அளவுல இருந்து வந்த பழைய பேரு. யமஹா மாதிரி ஜப்பான் வண்டியில ரெண்டு போல்ட் வச்ச டேப், போல்ட்டுக்கு நடுவுல 34 இல்லன்னா 44 மில்லிமீட்டர், ரெண்டும் உண்டு. ஒங்க பழைய டேப்பை அளந்துட்டுதான் புது டேங்க்குக்குக் காசைக் கட்டணும்.

பழைய சாமான் விக்கற கரோசல் ஆப்லயோ ஜேபி (ஜொகூர் பாரு) பக்கத்துக் கடையிலயோ பழைய டேங்க்கைக் கையில எடுத்துப் பாக்க முடிஞ்சா ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்க. காந்தம் இரும்பை இழுக்கற சக்தி இடைவெளி கூடக் கூட சட்டுனு விழுந்துடும், பெயின்ட்டுக்கு அடியில ரெண்டு மூணு மில்லிமீட்டர் பட்டி பூசியிருந்தாலே பிடி தளர்றது விரலுக்குத் தெரியும். பக்கவாட்டுல டொக்கை மறைக்கக் கொஞ்சம் பட்டி இருந்தா பரவாயில்ல, அது ஷோக்கு விஷயம். அடி மூலையில பட்டி இருந்தா அது ஓட்டையை மூடின பட்டி, பெட்ரோல்ல ஊறி ஒரு நாள் விட்டுடும், எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் வச்சுட்டு வந்துடுங்க. மூடியைத் திறந்து டார்ச் அடிச்சா மேல் பாதிதான் தெரியும், டேப் இல்லாத பக்கத்துத் தொங்கல் கண்ணுல படாது, வளையற கேமரா ஒண்ணு போனுல மாட்டி உள்ள விடறதுதான் வழி. உள்ள ஏற்கனவே யாரோ பூசின எப்பாக்சி (கெட்டியா இறுகற ரெசின் பூச்சு) உரிஞ்சு தொங்குதுன்னா அது வெறும் துருவை விட மோசம், துருவை ஆசிட்ல கரைக்கலாம், இந்தச் செதிலைக் கரைச்சு எடுக்கறது பெரிய பாடு, கார்பரேட்டர்ல அரை மில்லிமீட்டர் கிட்ட இருக்கற பைலட் ஜெட் துளையை அடைக்க ஒரு செதில் போதும்.

லீக் டெஸ்ட்டைப் பத்திக் கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இதுல பலரும் ஏமாறுவாங்க. தண்ணி ரொப்பி ஒரு நாள் வச்சேன், சொட்டலன்னு சொல்வாங்க. தண்ணியோட பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், பெட்ரோலோடது 20 சொச்சம்தான், மயிரிழை மாதிரி விரிசல்ல தண்ணி நுழையாம நின்னுடும், பெட்ரோல் சத்தமில்லாம ஊர்ந்து வெளிய வந்து பெயின்ட்டை அடியில இருந்து தூக்கும். அதனால தண்ணிக்கு அப்புறம் மண்ணெண்ணெய்லயும் பாருங்க, அதோட இழுவிசை பெட்ரோல் பக்கம்தான், ஆனா அவ்வளவு சுலபமா தீப்பிடிக்காது, ஜாயின்ட் வெளிப்பக்கம் சாக்பீஸ் தேய்ச்சு வச்சா கசியற இடம் ஈரமா காட்டிக் குடுக்கும். பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி செய்யணும்னு தனியா சொல்ல வேணாம்னு நினைக்கறேன். காத்து அடிச்சு சோப்பு நுரை தடவிப் பாக்கறதும் உண்டு, ஆனா டயர் பம்ப்பைக் கிட்ட கொண்டு வராதீங்க. 40க்கு 25 சென்டிமீட்டர் பக்கத்தகடு ஒண்ணுக்கு வெறும் 1 பிஎஸ்ஐ அழுத்தம் குடுத்தாலே அது மேல 70 கிலோ எடை உக்கார்ற மாதிரி, 10 பிஎஸ்ஐன்னா 700 கிலோ, டேங்க் பலூனா உப்பிடும். வாயால ஊதற அழுத்தமே சோப்பு நுரைக்குப் போதும், புது டேங்க்கா இருந்தா. பழசுல வாய வைக்காதீங்க.

ஓட்டை இருந்தா வெல்டிங் வச்சுக்கலாம்னு யாராவது சொன்னா, பெட்ரோல் பாத்த டேங்க்னா விலகி நில்லுங்க. பெட்ரோல் வேப்பர் காத்துல சுமார் 1.4ல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் இருந்தாதான் பத்தும். பெட்ரோல் இருக்கற மூடின டேங்க்ல வேப்பர் இதை விட ரொம்ப அதிகம், பத்தறதுக்குக் காத்து பத்தாது, ஆனா காலி பண்ணி ஒரு ராத்திரி திறந்து வச்சா அளவு இறங்கி இறங்கி சரியா அந்த 1.4க்கும் 7.6க்கும் நடுவுல வந்து நிக்கும். அதாவது காலி டேங்க்தான் குண்டு. துருவுக்குள்ளயும் மடிப்புக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கற மிச்சம் வெல்டிங் சூட்டுல திரும்ப ஆவியாகும். கழுவி, ஆவி குடுத்து, உள்ள ஆர்கான் விட்டு செய்யத் தெரிஞ்ச ஒர்க்‌ஷாப் இல்லன்னா வேணாம்.

மூடியையும் விட்டுடாதீங்க, சீப்பான டேங்க்கோட வர்ற சில மூடியில காத்து ஓட்டையே இருக்காது. பெட்ரோல் கீழ இறங்க இறங்க மேல காத்து வரணும், வரலன்னா உள்ள அழுத்தம் குறையும். பெட்ரோல் மட்டம் கார்பரேட்டருக்கு 30 சென்டிமீட்டர் மேல இருந்தா அது தள்ளற அழுத்தம் வெறும் 2.2 கிலோபாஸ்கல், வெளிக்காத்து அழுத்தத்துல ரெண்டு சதவீதம். டேங்க்ல 5 லிட்டர் காலி இடம் இருந்தா 110 மில்லி பெட்ரோல் இறங்கினதுமே ரெண்டும் சமமாகி ஓட்டம் நின்னுடும், வேப்பர் கொஞ்சம் ஈடு கட்டும்னாலும் நாலஞ்சு கிலோமீட்டர்ல, பிஐஈ எக்ஸ்பிரஸ்வே நடுவுல, வண்டி இருமி நின்னுடும். மூடியைத் திறந்தா உஸ்ஸுனு சத்தம், திரும்ப ஸ்டார்ட் ஆகும், நீங்க பாவம் பிளக்கையும் காயிலையும் மாத்திகிட்டு இருப்பீங்க.

விலைன்னு பாத்தா டேங்க் விலையை விட அனுப்பற செலவுதான் கடிக்கும். கூரியர்காரங்க நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000ஆல வகுத்து வர்ற எடையைப் பாப்பாங்க, எது அதிகமோ அதுக்குக் காசு. 65, 40, 35 பெட்டின்னா 18 கிலோ ஆச்சு, உள்ள டேங்க் நாலு கிலோதான், மிச்சம் 14 கிலோ காத்துக்குக் காசு கட்டறீங்க. ரெண்டு மூணு பேரா சேர்ந்து கப்பல்ல எடுக்கறது நல்லது. ஜிஎஸ்டி 9 சதவீதம் தனி, 400 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கீழன்னா கிடையாதுன்னு நம்பிடாதீங்க, 2023ல இருந்து ஜிஎஸ்டிக்குப் பதிவு பண்ணின வெளிநாட்டுக் கடைங்க அதுக்கும் சேர்த்து வாங்கறாங்க. ஜேபி போய்க் கையில தூக்கிட்டு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள்ள திரும்பினா 100 வெள்ளி வரைக்கும்தான் சலுகை. பழைய டேங்க்கை விமானத்துல அனுப்பறது இன்னும் கஷ்டம், பெட்ரோல் வாசனை இருந்தாலே அபாயப் பொருள் கணக்குல நிறுத்திடுவாங்க.

ஃபைபர் டேங்க் லேசு, துரு இல்ல, விலையும் கம்மி, ஆனா பழைய பாலியஸ்டர் ரெசின்ல செஞ்சது எத்தனால் கலந்த பெட்ரோல்ல இளகிக் கசகசன்னு ஆயிடும், எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. அலுமினியம் நல்ல சாமான்தான், காசு இருந்தா.

வெறும் இரும்பு டேங்க் வந்து சேர்ந்தா அந்த வாரமே உள்பூச்சு போடணும். முதல்ல எண்ணெய் போகக் கழுவி, பாஸ்பாரிக் ஆசிட் கலந்த தண்ணி விட்டா மேல் துரு கரைஞ்சு இரும்பு பாஸ்பேட் படலம் ஒண்ணு படியும், எப்பாக்சி அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். இங்கதான் அந்த 60 சதவீதக் கணக்கு கடிக்கும், தண்ணில அலசி வெயில்ல காய வைப்போம்னு விட்டா கண்ணு முன்னாடியே ஆரஞ்சு கலர் ஏறும், உடனே ஸ்பிரிட் ஊத்திக் குலுக்கி, ஹேர் டிரையரைத் தள்ளி வச்சுட்டு முதல்ல ஸ்பிரிட் வாடை முழுசா போக விட்டு, அப்புறம் சூடு காட்டணும். எப்பாக்சியை ஏர்கான் ஓடற ரூம்லயோ மழை இல்லாத மத்தியானத்துலயோ ஊத்துங்க, சில எப்பாக்சி ஈரக்காத்துல ஆறும்போது மேல பிசுபிசுன்னு ஒரு படலம் விடும். டேப் ஓட்டை, மூடி திரெட் ரெண்டுலயும் கிரீஸ் தடவி அடைச்சுடுங்க, இல்லன்னா திரெட்டோட ஒட்டிக்கும். பாக்கெட்ல போட்டிருக்கற நாள் முழுசா ஆறினதும் ஒரு லிட்டர் மட்டும் ஊத்தி, டேப்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவுல ஒரு சின்ன ஃபில்டர் மாட்டி ஓட்டிப் பாருங்க, முதல் மாசம் ஃபில்டர்ல என்ன சேருதுன்னு அப்பப்ப பாத்தா பூச்சு பிடிச்சிருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்.