எத்தனை இன்ச் என்பதற்கு முன் எத்தனை கிலோ?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் அக்டோபர் மழை தொடங்கிவிட்டால் என் பட்டறைக்கு ஒரே கேள்வியோடு ஆட்கள் வருவார்கள். "அண்ணே, ரெண்டு இன்ச் தூக்கலாமா, நாலு இன்ச் தூக்கலாமா?" அவர்களைக் குறை சொல்ல முடியாது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் லோரிகள் போட்டுவிட்டுப் போன பள்ளத்தில் இறங்கினால் பிக்அப்பின் வயிறு தரையில் தட்டத்தான் செய்யும். லாசா தாண்டி உள்ளே ஓராங் அஸ்லி பூர்வகுடிக் கிராமங்களுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர்களுக்கும் அதே பாடுதான். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு. "பின்னால் எத்தனை கிலோ ஏற்றுவீர்கள்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல், காடியை உயர்த்தப் போடும் ஸ்பிரிங், அப்சோர்பர் செட்டான லிஃப்ட் கிட்டை வாங்கக் கூடாது. அதிலும் காடிக்கு இருபது, இருபத்தைந்து வயது ஆகிவிட்டது என்றால் கண்டிப்பாகக் கூடாது.

உரம் ஏற்றும் கொன்ட்ரெக்டர் ஒருவர் வந்திருந்தார். தொண்ணூறுகளின் எல்என்106 ஹைலக்ஸ், வேறு ஊரில் நாலு இன்ச் தூக்கியது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. "ஈரமான இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் முன்சக்கரம் ரெண்டும் பூட்டிக்கிட்டு வழுக்குது, ஸ்டீயரிங் கேட்கவே மாட்டேங்குது" என்றார். பிரேக் பேட் மாற்றிவிட்டார், மாஸ்டர் பம்ப் மாற்றிவிட்டார், சரியாகவில்லை. ஒரு நாள் காடி பாதையை விட்டு இறங்கிக் கால்வாய் ஓரத்தில் போய் நின்றிருக்கிறது. பக்கத்தில் அவருடைய பையன் உட்கார்ந்திருந்தான்.

காடியை ஏற்றி, டார்ச் அடித்துப் பின்சக்கரங்களின் அச்சான பின் எக்ஸலுக்கு மேலே பார்த்தேன். சேசிஸில் கைக்கு அடக்கமாக ஒரு பிரேக் வால்வு. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி எக்ஸலுக்கு இறங்குகிறது. அந்தக் கம்பி கீழே இழுபட்டு விறைத்து நின்றது. விஷயம் அதுதான்.

அந்த வால்வு செய்யும் வேலை இது. பின்னால் பாரம் ஏற்றினால் காடி தாழும், சேசிஸுக்கும் எக்ஸலுக்கும் உள்ள இடைவெளி குறையும். கம்பி வழியாக வால்வு அதை உணர்ந்து, பாரம் இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் இடைவெளி கூடும், பின் அழுத்தத்தைக் குறைக்கும். இப்போது நாலு இன்ச் தூக்கினால் என்ன ஆகும்? பன்னிரண்டு உரமூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, மொத்தம் 600 கிலோ ஏற்றியிருந்தாலும் காடி காலி என்றுதான் அந்த வால்வு நினைக்கும். முன் பிரேக் ஒன்றே எல்லாப் பாரத்தையும் நிறுத்தப் பார்க்கும். ஈரச் செம்மண்ணில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் எப்படிக் கேட்கும்?

தூக்கிய உயரத்துக்கு ஏற்ற ஒரு சிறு இரும்புத் தாங்கி வைத்து, கம்பியின் நீளத்தைச் சரிசெய்திருந்தால் போதும். அதைச் செய்யாமல் காடியைக் கையில் கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. எல்லாக் காடியிலும் இந்த வால்வு இருக்காது. பழைய பிக்அப் பலவற்றில் இருக்கும். கிட் போடுகிறவரிடம் "பின் பிரேக் வால்வுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேளுங்கள். அவர் திருதிருவென்று விழித்தால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சரி, எடைக்கு வருவோம். நல்ல கிட்டில் ஸ்பிரிங்குக்கு எடை வகை எழுதியிருப்பார்கள். ஓல்ட் மேன் இமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகளில் ஒரே மாடலுக்கே பாரம் இல்லாதது, நடுத்தரம், எப்போதும் பாரம் என்று பல ஸ்பிரிங்குகள் உண்டு. நம் ஆட்கள் பலர் "இருக்கிறதிலேயே கனமானதைப் போடுங்க" என்பார்கள். கனமான பட்டை ஸ்பிரிங்கைப் போட்டுக் காலியாக ஓட்டினால் பின்பக்கம் குதித்துக்கொண்டே போகும். சக்கரம் தரையை விட்டுக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் பிடிமானம் போய்விடும். அந்த அதிர்ச்சி முழுவதையும் வயதான சேசிஸ்தான் வாங்கிக்கொள்ளும். இன்னொன்று, கனமான ஸ்பிரிங் போட்டதால் காடி சட்டப்படி ஏற்றக்கூடிய எடை ஒரு கிலோகூட ஏறாது. எக்ஸல், பேரிங், பிரேக் எல்லாம் பழையதுதானே.

எடையை ஊகிக்க வேண்டாம். பக்கத்திலேயே செம்பனை ஆலை இருக்கிறது, அங்கே லோரிகளை நிறுக்கும் எடைமேடை இருக்கிறது. தெரிந்தவர் இருந்தால் கேட்டு, வழக்கமாக ஏற்றும் சாமானோடு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, முழுக் காடிக்கும் ஒரு எடை எடுத்துக்கொள்ளுங்கள். கழித்தால் பின் எக்ஸல் எடை கிடைத்துவிடும். காலியாகவும் அதே மாதிரி எடுங்கள். இந்த நாலு எண்ணும் கையில் இருந்தால் ஸ்பிரிங் தேர்வு பாதி முடிந்தது.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லிஃப்ட் கிட் போட்டால் எக்ஸல் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃப் (டிஃபரென்ஷியல்) உயராது. பாடியும் சேசிஸும்தான் உயரும். டிஃப் உயர வேண்டுமென்றால் டயர் பெரிதாக வேண்டும். 29 இன்ச் விட்டமுள்ள டயரை 31 ஆக்கினால் டிஃப் ஒரே ஒரு இன்ச் உயரும். கூடவே மீட்டர் பொய் சொல்லத் தொடங்கும். 90 காட்டும்போது உண்மையில் 96 போய்க்கொண்டிருப்பீர்கள். ஆக, 31 இன்ச் டயருக்கு இடம் கொடுக்கும் அளவு தூக்கினால் தோட்ட வேலைக்குப் போதும். பழைய பிக்அப் பலவற்றுக்கு அது ஒன்றரையிலிருந்து இரண்டு இன்ச்சுக்குள் முடிந்துவிடும். அதற்கு மேலே போனால் ப்ரொப்பெலர் ஷாஃப்ட் கோணம் மாறி அதிரும், பிரேக் ஹோஸ் எட்டாது, செலவு ஒவ்வொன்றாக வரிசை கட்டும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் கட்டை வைத்துத் தூக்குவதால் டயருக்கு இடம் கிடைக்குமே தவிர வயிறு உயராது. முன் எக்ஸலில் ஸ்பிரிங்குக்குக் கட்டை வைக்க யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள்.

மிட்சுபிஷி ஸ்டோர்ம், பழைய ஃபோர்ட் ரேஞ்சர், முதல் தலைமுறை டி-மேக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இவற்றின் முன்பக்கம் டோர்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொடுத்து ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு. போல்ட்டைத் திருகினால் காசில்லாமல் உயரும் என்பதால் ஆசை வரும். ஒரு இன்ச் வரை பரவாயில்லை. அதற்கு மேல் திருகினால் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது, மேல் ஆர்ம் ரப்பரில் போய் முட்டிக்கொண்டே இருக்கும், முன்சக்கரத்தைச் சுற்றவைக்கும் சிவி ஜாயிண்ட் சாய்ந்த கோணத்திலேயே சுற்றி அதன் ரப்பர் உறையான பூட் கிழியும். திருகிய பிறகு வீல் அலைன்மெண்ட் கட்டாயம்.

தோட்டத்துக் காடிகளில் நான் அதிகம் பயப்படுவது உரத்துக்குத்தான். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் உப்பு மாதிரிதான். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியது மழையில் கரைந்து, பட்டை ஸ்பிரிங்கைச் சேசிஸோடு பிணைக்கும் பின் ஷேக்கல் பொருத்தியிருக்கும் இடத்தில் சேசிஸ் மடிப்புக்குள் போய்த் தங்கும். வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். அரித்த இடம் 'டொப்' என்று அமுங்கும். அப்படிச் சத்தம் வந்தால் அந்தக் காடிக்குக் கிட் கிடையாது, முதலில் வெல்டிங்தான். புஷ், ஷேக்கல் பின் தேய்ந்திருந்தால் அவையும் புதிதாக வேண்டும். ஸ்பிரிங்கை எக்ஸலோடு இறுக்கும் பழைய யூ-போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள். அது ஒருமுறை இறுக்கும்போதே நீண்டுவிடும். புதிதைப் போட்டு, 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் சேசிஸில் ஜாக் வைத்துச் சக்கரங்களைத் தொங்கவிடச் சொல்லிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் தளர்வாக இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் இழுபடக் கூடாது. அப்சோர்பர்தான் எக்ஸலின் மொத்தப் பாரத்தையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்றால் அதன் நீளம் தவறு.

சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். அனுமதி வேண்டுமா என்பதைப் போடுவதற்கு முன்பே கேளுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றும்போது காடி பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

கிட் வாங்கக் கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு வேலை செய்யலாம். சமதரையில் காடியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். புதிதாக இருந்தபோது அந்த மாடலின் அளவு என்ன என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். வயதான ஸ்பிரிங் ஒரு இன்ச்சுக்கு மேலேயே தாழ்ந்து போயிருக்கும். அந்தக் கொன்ட்ரெக்டரின் ஹைலக்ஸில் நாலு இன்ச்சை எடுத்துவிட்டு, அவர் எடைக்குப் பொருத்தமான ஸ்பிரிங்கை ஒன்றரை இன்ச் உயரத்தில் போட்டோம். வால்வுக் கம்பியையும் அந்த உயரத்துக்குச் சரிசெய்தோம். இப்போதும் அதில்தான் உரம் ஏற்றுகிறார், பையனும் கூடவே போகிறான்.