காது நல்லா கேக்குது, புத்தியும் இருக்கு, தயவுசெஞ்சு கத்தாதீங்க

ஸ்பீச் தெரபிஸ்டா இருக்கேன். ஸ்ட்ரோக்கால திடீர்னு பேச்சு குழம்பி, அடுத்தவங்க பேசுறதும் புரியாம போறதுக்கு அஃபேசியான்னு பேரு. இந்த மாசத்துல மட்டும் இது மூணாவது கேஸ், இனிமேலும் எழுதாம இருந்தா மனசு கேக்காது.

"அப்பா காலைல எழுந்ததுலேர்ந்து ஏதேதோ உளர்றாரு, கை கால் நல்லாத்தான் இருக்கு, வாயும் கோணல, சரி மனசு ஏதோ சரியில்லைன்னு ரெண்டு நாள் வீட்லயே விட்டுட்டோம்"னு மகன் சொல்றார். அப்புறம் காது டாக்டர்கிட்ட போயிருக்காங்க, காது நார்மல். மூணாம் நாள் யாரோ சொல்லி ஸ்கேன் எடுத்தா இடது மூளையில ஸ்ட்ரோக். ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி, ஸ்ட்ரோக் ஆரம்பிச்ச 4.5 மணி நேரத்துக்குள்ள போட வேண்டியதுங்க! ஸ்ட்ரோக்னா கை கால் இழுத்துக்கணும்னு யார் சொன்னது? பேச்சு மட்டும் திடீர்னு குழம்பினாலும் அது ஸ்ட்ரோக்கா இருக்கலாம்.

அடுத்து, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். ரூமுக்குள்ள வந்ததுலேர்ந்து எல்லாரும் அவர் காதுகிட்ட போய் கத்துறாங்க. காதோட வேலை சத்தத்தைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதை வார்த்தை வார்த்தையா பிரிச்சு அர்த்தத்தோட கோக்கிறது மூளை. நாம பேசுறப்போ வார்த்தைக்கு நடுவுல இடைவெளி விட்டா பேசுறோம்? ஒரே இழுப்பா வர்ற சத்தம் அது. தெரியாத பாஷைய யாராவது வேகமா பேசினா எந்த வார்த்தை எங்க முடியுதுன்னே தெரியாதுல்ல, இவருக்கு இப்போ சொந்தத் தாய்மொழியே அப்படி ஆயிடுச்சு. தெரியாத பாஷைய சத்தமா சொன்னா புரிஞ்சிடுமா, சொல்லுங்க. கத்தினா அவருக்குப் புரியறது ஒண்ணே ஒண்ணுதான், நீங்க கோவமா இருக்கீங்கன்னு.

இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்ச வியாதி இல்ல. 1861ல ப்ரோக்காங்கிற பிரெஞ்சு டாக்டர் ஒரு நோயாளியப் பத்தி எழுதினார், அந்த மனுஷனுக்கு அடுத்தவங்க பேசுறது பெரும்பாலும் புரியும், ஆனா வாயில வந்தது 'டான்'ங்கிற ஒரே சத்தம். 1874ல வெர்னிக்கேங்கிற ஜெர்மன் டாக்டர் நேர் எதிரா இருக்கிறவங்களப் பத்தி எழுதினார், பேச்சு சரளமா வரும், ஆனா அர்த்தம் இருக்காது, அடுத்தவங்க சொல்றதும் ஏறாது. இந்தப் பெரியவர் ரெண்டாவது வகை. தான் தப்பா பேசுறோம்னே இவங்கள்ல பல பேருக்குத் தெரியாது, அதனால நாம முழிக்கிறதப் பாத்து அவங்களுக்குத்தான் ஆத்திரம் வரும். அதைப் போய் பைத்தியம்னு சொல்றாங்க.

"இல்ல மேடம், தலையாட்டுறாரே, புரியுது"ன்னாங்க. மேஜையில சாவி, பேனா, வாட்ச் மூணையும் வெச்சேன். மகள் "சாவி எடுங்கப்பா"ன்னதும் டக்குனு எடுத்துட்டார், எல்லாருக்கும் சந்தோஷம். நான் மகளோட கண்ணப் பாத்தேன், அது சாவி மேலயே இருந்துச்சு. அடுத்து நான் ஜன்னலப் பாத்துக்கிட்டே அதே சாவியக் கேட்டேன். அவர் கை மூணுக்கும் மேல சுத்திட்டு பேனாவ எடுத்துச்சு. குரல், முகம், கண்ணு இதையெல்லாம் வெச்சு அவர் ஊகிக்கிறார், அந்த ஊகிக்கிற புத்தி அப்படியே இருக்கு பாருங்க. அதனாலதான் சொல்றேன், தலையாட்டுறார்னு எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து வாங்கிடாதீங்க.

எழுதிக் காட்டலாமேன்னு எல்லாரும் கேப்பாங்க. பேச்சு மாதிரி எழுத்து பிறவியில வர்றது இல்ல, மனுஷன் எழுத ஆரம்பிச்சே 5000 வருஷம் சொச்சம்தான். கண்ணு வழியா போற எழுத்தும் கடைசியில மூளையில மொழியப் புரிஞ்சுக்கிற அதே ஏரியாவுலதான் போய்ச் சேரணும், அங்கயே அடி விழுந்திருந்தா படிக்கிறதும் அடிவாங்கும். சில பேருக்கு ஒரு வார்த்தைய பெருசா எழுதிக் காட்டினா உதவும், அதை டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும்.

இதையாவது செய்யுங்க. பேச்சு திடீர்னு மாறினா உடனே ஸ்ட்ரோக் பாக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, கடைசியா எப்போ நல்லா பேசினார்ங்கிற நேரத்த டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. தூங்கி எழுந்தா சரியாயிடும்னு விட்டுடாதீங்க. வீட்டுக்கு வந்தப்புறம் டிவிய ஆஃப் பண்ணிட்டு, ஒருத்தர் மட்டும், சின்னச் சின்ன வாக்கியமா, முகத்தப் பாத்து பேசுங்க, கையால காட்டுங்க, பொருளையே எடுத்துக் காட்டுங்க. நமக்கு ஒரு வார்த்தை புரிய அரை செகண்ட்கூட ஆகாது, 'குடையச் சாப்பிட்டான்'னு அர்த்தம் பொருந்தாத வார்த்தையக் கேட்டா 400 மில்லிசெகண்ட் வாக்குல மூளையோட மின்அலையே மாறும்னு 1980லயே அளந்துட்டாங்க. அவருக்கு அதே வேலைக்கு பத்து செகண்ட் ஆகலாம். காத்திருங்க, நடுவுல அடுத்த கேள்விய போடாதீங்க. விருந்தாளி வந்தா "இது என்ன சொல்லுங்க"ன்னு பரீட்சை வைக்காதீங்க.

அப்புறம் ஒரு கெஞ்சல். அவர உக்கார வெச்சுட்டு அவரப் பத்தியே மூணாவது மனுஷன் மாதிரி பேசாதீங்க. நேத்து மகன் "இனி அவ்வளவுதான் போல"ன்னு என்கிட்ட மெதுவா சொன்னப்போ அந்த வார்த்தை அவருக்குப் புரிஞ்சிருக்காது, ஆனா மகனோட முகத்தப் பாத்துட்டு தன் முகத்த சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டார்.